பென் டிரைவ் பூட் ஆகலையா? முதல்ல பயாஸ்ல இருந்து கையை எடுங்க!

ரெக்கார்டு நோட்டு, ரிவ்யூ, இன்டர்னல் என்று ஓடியதில் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு ராத்திரி. அந்த ராத்திரியில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

முதல் செமஸ்டரில் ஒரு இரண்டு மார்க் கேள்வி வருமே, ஞாபகம் இருக்கிறதா? "கோல்டு பூட்டிங், வார்ம் பூட்டிங் – வேறுபடுத்துக." நான் இரண்டுக்கு இரண்டு வாங்கினேன். என் அறைத்தோழனும் இரண்டுக்கு இரண்டு. மூன்றரை வருடம் கழித்து அவனுடைய லேப்டாப் விண்டோஸுக்குள் போகாமல் "சரிசெய்யத் தயாராகிறது" என்று திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்த நான்கு மார்க்கையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் பிராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட், கோடு, ரீடிங் எடுத்த எக்செல் கோப்புகள் எல்லாம் அந்த லேப்டாப்பில் மட்டும்தான். (பேக்கப் எடுக்கலையா என்று கேட்பவர்கள் வரிசையில் வரவும். ஏற்கெனவே முப்பது பேர் கேட்டுவிட்டார்கள்.)

சாயங்காலம் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார். "ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி, ஒரு மணி நேரத்துல வாங்கிக்கலாம்" என்றார். "டேட்டா அண்ணா?" என்றான் இவன். "அது போயிடும்." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம்.

பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து பூட் செய்தால், விண்டோஸ் செத்திருந்தாலும் டிஸ்கில் உள்ள கோப்புகளைக் காப்பி எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஜூனியர் ஒருத்தன் அப்படி ஒரு பென் டிரைவ் வைத்திருந்தான். "என் லேப்டாப்ல சூப்பரா ஓடுதுண்ணா" என்று கொடுத்தான். செருகினோம். பூட் மெனுவில் அந்தப் பென் டிரைவின் பெயரே வரவில்லை.

இங்கேதான் எங்கள் திருவிளையாடல் ஆரம்பம். அவன் லேப்டாப்பில் ஓடுகிறது என்றால் பென் டிரைவ் நன்றாக இருக்கிறது, தப்பு இந்த லேப்டாப்பில்தான் என்று முடிவு கட்டினோம். பயாஸுக்குள் போனோம். யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: "செக்யூர் பூட்டை அணைச்சிடு." அணைத்தோம். பென் டிரைவ் அப்போதும் வரவில்லை. மறுபடி ஆன் செய்தால் ஒரு நீலத் திரை: பிட்லாக்கர், 48 இலக்கச் சாவியைக் கொடு என்று நிற்கிறது. நண்பன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. "டேய், என்னடா பண்ணித் தொலைச்ச?"

கதையை இங்கே நிறுத்திவைக்கிறேன். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பென் டிரைவ் பூட் ஆகாதபோது நாம் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான். எங்கே நின்றது என்று பார்ப்பதற்கு முன்னால் எதையாவது மாற்ற ஆரம்பித்துவிடுகிறோம். பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினைப் பிரிப்போமா? கணினி என்றால் மட்டும் நேராக இன்ஜினில் கை வைக்கிறோம். பழைய கணினியில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. இன்றைய லேப்டாப்பில் அப்படிச் செய்தால், உங்கள் கோப்புகளே உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

இதில் ஏன் இவ்வளவு குழப்பம் என்பதற்கு ஒரு சின்ன வரலாறு. சிடியிலிருந்து பூட் செய்வதற்கு 1995 இலேயே 'எல் டோரிட்டோ' என்று ஒரு பொது விதி வந்துவிட்டது. உபுண்டு 2005 முதல் 2011 வரை உலகம் முழுக்க இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியது. உறையைப் பிரித்துப் போட்டால் பெரும்பாலும் ஓடும். பென் டிரைவ் கதை அப்படி இல்லை. பழைய பயாஸ்கள் அதை ஃப்ளாப்பியாகப் பார்ப்பதா, ஜிப் டிரைவாகப் பார்ப்பதா, ஹார்ட் டிஸ்காகப் பார்ப்பதா என்றே அடித்துக்கொண்டன. அது ஒரு வழியாகத் தீரும்போது பயாஸே போய் யூ.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது. நாம் இன்னமும் பழக்கத்தில் அதை 'பயாஸ்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் பென் டிரைவில் தேடுவது வேறு வேறு.

பழைய பயாஸ் பென் டிரைவின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் 55 ஏஏ என்ற அடையாளம் இருந்தால், அங்கே இருக்கும் குட்டி நிரலை ஓடவிடும். யூ.இ.எஃப்.ஐ. அப்படி இல்லை. அது பென் டிரைவில் ஃபேட்32 பார்ட்டிஷனைத் தேடி, அதற்குள் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்எக்ஸ்64' என்ற கோப்பைத் தேடும். இருந்தால் பூட் மெனுவில் பெயர் வரும். இல்லையென்றால் பெரும்பாலும் பெயரே வராது. ஜூனியரின் பென் டிரைவில் இருந்தது அவனுடைய பழைய லேப்டாப்புக்காகப் போட்ட 32 பிட் லினக்ஸ். அந்தக் கோப்பு அதில் கிடையவே கிடையாது. அவன் சொன்னதும் உண்மை, எங்கள் லேப்டாப் செய்ததும் சரி. நடுவில் முடிவு கட்டிய நாங்கள்தான் தப்பு.

ஆகவே மக்களே, பூட் ஆவது என்பது ஒரே வேலை இல்லை. அது ஒரு பஸ் ரூட் மாதிரி. வரிசையாக ஐந்து நிறுத்தம். பஸ் எந்த நிறுத்தத்தில் நின்றது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் நிறுத்தம், பென் டிரைவேதான். ஐ.எஸ்.ஓ. கோப்பு முழுசாக இறங்கியதா? உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி. ஹாஸ்டல் வைஃபையில் அது எத்தனை முறை அறுந்து ஒட்டியிருக்கும் என்று நமக்கே தெரியும். டவுன்லோடு பக்கத்திலேயே ஷா256 என்று ஒரு நீள எண் கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் 'செர்ட்யூடில்' கட்டளையை வைத்து நம் கோப்பின் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம், சில நிமிடம்தான் ஆகும். அடுத்து, ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் பூட் ஆகாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளில் எழுத வேண்டும். (வென்டாய் போட்ட பென் டிரைவில் மட்டும் இழுத்துப் போடலாம், அதற்காகவே செய்தது அது.) விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ.வுக்குள் இருக்கும் பெரிய கோப்பு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் கையால் காப்பி செய்தால் பாதியில் நிற்கிறது. ரூஃபஸ் இதற்கு என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷனோடு ஒரு குட்டி பார்ட்டிஷனையும் வைத்துச் சமாளிக்கிறது. கடைசியாக, சந்தையில் குறைந்த விலைக்கு விற்கும் '1 டெராபைட்' பென் டிரைவ்களில் போலி நிறைய. எழுதும்போது எல்லாம் சரியாகப் போவது போலவே இருக்கும், படிக்கும்போதுதான் பல்லை இளிக்கும்.

இரண்டாவது நிறுத்தம், கணினி பென் டிரைவைப் பார்க்கிறதா? பூட் மெனுவுக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு கீ: எஃப்12, எஃப்9, எஸ்கேப், எஃப்11. சரியான நேரத்தில் அழுத்தத் தவறினால் "பூட் ஆகலை" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். விண்டோஸ் ஓடுகிறது என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, 'ஒரு சாதனத்தைப் பயன்படுத்து' என்பதற்குப் போனால் இந்தக் கீ விளையாட்டே வேண்டாம். ஹப்பில் செருகாதீர்கள், நேராக லேப்டாப்பில் செருகுங்கள். வேறு போர்ட்டில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 7 நிறுவும் பென் டிரைவுக்கு யூஎஸ்பி 3 டிரைவரே கிடையாது. அதனால் பூட் ஆனபிறகும் "டிரைவர் இல்லை" என்று நின்று எத்தனையோ பேரைக் கிறுக்குப் பிடிக்க வைத்திருக்கிறது.

மூன்றாவது நிறுத்தம், பார்த்தது சரி, அனுமதிக்கிறதா? இதுதான் செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத பூட் நிரலை ஓடவிடாது. 2012 இல் விண்டோஸ் 8 வந்தபோது பரவலானது. இதற்கும் "பெயரே வரவில்லை" என்பதற்கும் சம்பந்தம் குறைவு. பெயர் வந்து, தேர்ந்தெடுத்தபிறகு "பாதுகாப்பு விதி மீறல்" என்று திட்டினால்தான் செக்யூர் பூட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதல் மருந்து அணைப்பது இல்லை, புதிய ஐ.எஸ்.ஓ.வில் பென் டிரைவ் போடுவது. உபுண்டு 2012 முதலே செக்யூர் பூட்டோடு ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட் நிரல்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய லைவ் பென் டிரைவ்கள் சில கணினிகளில் ஒரே நாளில் நின்றுபோயின. பென் டிரைவும் கெடவில்லை, கணினியும் கெடவில்லை, நடுவில் விதி மாறியது. எங்கே நின்றது என்று பார்ப்பவனுக்குத்தான் இது புரியும்.

நான்காவது நிறுத்தம், மெனு வந்தது, தேர்ந்தெடுத்தோம், கறுப்புத் திரை. இது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு சமாச்சாரம். லினக்ஸ் மெனுவில் 'பாதுகாப்பான கிராஃபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதில் போய்ப் பாருங்கள். இந்த நிறுத்தம் வரை வந்துவிட்ட பிறகு பென் டிரைவை மறுபடி மறுபடி ஃபார்மட் செய்வது வீண். ஆனால் நாம் அதைத்தான் செய்கிறோம்!

ஐந்தாவது நிறுத்தம், எல்லாம் வந்தது, உள்ளே இருக்கும் டிஸ்க் தெரியவில்லை. சில வருடங்களாக வரும் இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்கை விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் நிறுவ உட்கார்ந்தால் "டிஸ்க் எதுவும் இல்லை" என்று காட்டும். பதறி எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று புதிதாக வாங்கியவர்கள் உண்டு. அதற்குரிய டிரைவரைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் தெரிந்துவிடும். டிஸ்க் தெரிந்தும் பூட்டப்பட்டிருந்தால் அது பிட்லாக்கர்.

இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஒழுக்கம் போதும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுவதற்கு முன் திரையைப் போனில் ஒரு ஃபோட்டோ எடு, திருப்பி வைக்கக்கூடியதை முதலில் மாற்று. பென் டிரைவை மாற்றுவது இலவசம். போர்ட் மாற்றுவது இலவசம். உங்கள் லேப்டாப் காலத்து வேறு ஒரு லேப்டாப்பில் செருகிப் பார்ப்பது இலவசம். (காலம் முக்கியம். நாங்கள் ஏமாந்ததே அங்கேதான்.) பயாஸ் கடைசி.

அதிலும் மூன்றைக் காரணம் தெரியாமல் தொடவே தொடாதீர்கள். ஒன்று, செக்யூர் பூட். இரண்டு, டிஸ்க் கன்ட்ரோலர் முறை. அதை மாற்றினால் உள்ளே இருக்கும் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். மூன்று, டிபிஎம்மை அழிப்பது. புதிய லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே பல சமயம் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. நமக்குத் தெரியாமலே வீட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி எங்கே என்று தெரியாமல் பூட்டை ஆட்டாதீர்கள்.

சரி, கதைக்கு வருவோம். நீலத் திரையைப் பார்த்துப் பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் நான் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தேன். சாவி கேட்பது நின்று, பழையபடி "சரிசெய்யத் தயாராகிறது" என்று சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பாழாய்ப்போன சுற்றலைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்ட ஒரே சமயம் அதுதான். எதிர் அறையில் ஒருவனை எழுப்பி, அவன் லேப்டாப்பில் 64 பிட் உபுண்டுவை இறக்கி, எண்ணை ஒப்பிட்டு, எழுதி, செருகினோம். பெயர் வந்தது. செக்யூர் பூட் ஆனிலேயே இருக்க, ஜம்மென்று பூட் ஆனது. மாலையிலிருந்து நாங்கள் பயாஸில் செய்த எந்த மாற்றமும் தேவையே பட்டிருக்கவில்லை!

டிஸ்க் தெரிந்தது, ஆனால் பூட்டு. விண்டோஸ் உள்ளே போகாமல் லினக்ஸிலிருந்து திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். அது நண்பனின் கணக்கில் இல்லை. லேப்டாப் வாங்கிக் கொடுத்த அவனுடைய அண்ணன், முதல் நாள் தன்னுடைய மெயிலைப் போட்டு ஆரம்பித்துவைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரவு ஒன்றரை மணிக்குத் திருப்பூருக்குப் போன். "என்னடா இந்நேரத்துல, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறிய அண்ணன், தன் கணக்கில் போய்ச் சாவியைக் கண்டுபிடித்துப் படித்தார். ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அதில் ஒரு அழகான விஷயம் தெரியுமா? ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணும் 11 ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஒரு இலக்கத்தைத் தப்பாகக் கேட்டிருந்தால் வகுபடாது. கால்குலேட்டரை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஐந்தாவது தொகுதியில் "ஏழா, ஏழுன்னு சொன்னேனா? ஒன்னுடா அது" என்றார் அண்ணன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த கணக்கு முதன்முறையாக என் வாழ்க்கையில் உருப்படியாக உதவியது.

டிஸ்க் திறந்தது. விண்டோஸ் சரியாக மூடப்படாததால் படிக்க மட்டும் விட்டது, எழுத விடவில்லை. நமக்குத் தேவை படிப்பதுதானே. பிராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும் வேறு பென் டிரைவில் எடுத்தோம். காலை ரிப்போர்ட் போனது. அதற்கப்புறம்தான் ஃபார்மட்.

இதில் அந்தக் கடைக்காரர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஃபார்மட் செய்ய அவருக்கு ஒரு மணி நேரம். டேட்டாவை மீட்க ஒரு ராத்திரி, அண்ணனுக்குப் போன் வேறு. வாடிக்கையாளர் இரண்டுக்கும் ஒரே காசுதான் கொடுப்பார் என்றால் அவர் எதைச் செய்வார்? நம் கோப்பின் மதிப்பு நமக்குத்தான் தெரியும். காப்பாற்றும் வேலையும் நம்முடையதுதான்.

"எல்லாம் கிளவுடில் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான், கிளவுடில் இருந்தால். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று அளந்து வரும் டேட்டாவில் 11 ஜிபி ஃபோல்டரை யார் ஏற்றுகிறார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. தங்கை படிக்க, அப்பா பில் போட என்று அவை இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும், ஒரு லினக்ஸ் பென் டிரைவைப் பூட் செய்யத் தெரிந்த ஒரு ஆள் வீட்டில் இருந்தால். அந்த ஆள் கம்ப்யூட்டர் படிக்கும் நீங்கள்தானே?

அதனால் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். கோல்டு பூட்டிங், வார்ம் பூட்டிங் வேறுபாடு இருக்கட்டும். முதல் வருட லேபில் ஒரே ஒரு மதியம் ஒதுக்குங்கள். வேண்டுமென்றே கெடுத்த ஐந்து பென் டிரைவ்களைக் கொடுங்கள்: பாதி இறங்கிய ஐ.எஸ்.ஓ. ஒன்று, 32 பிட் ஒன்று, இழுத்துப் போட்டது ஒன்று, கையெழுத்து இல்லாதது ஒன்று, டிரைவர் இல்லாதது ஒன்று. "எங்கே நின்றது, எப்படித் தெரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். சரிசெய்யக்கூட வேண்டாம். எங்கே நின்றது என்று சொன்னவனுக்கே முழு மார்க். அந்தப் பழக்கம் கணினிக்கு மட்டும் இல்லை, பின்னால் எழுதப்போகும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உதவும்.

இதைப் படித்து முடித்ததும் இரண்டு வேலை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் சாவி இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கணக்கு அண்ணனுடையது என்றால் பகலிலேயே கேட்டுவிடுங்கள், பாவம் அவர் தூங்கட்டும். இரண்டாவது, 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லைவ் லினக்ஸ் போட்டு, உங்கள் லேப்டாப்பிலேயே ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டு, மேசை டிராயரில் போட்டுவையுங்கள். பூட் ஆகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய நாள், லேப்டாப் நன்றாக ஓடும் நாள்தான்.

டிஸ்கி: அந்த 32 பிட் பென் டிரைவைக் கொடுத்த ஜூனியர், "நான்தான் சொன்னேன்ல அண்ணா, என் பென் டிரைவ் சூப்பர்னு" என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். உண்மைதான் ராசா, உண்மைதான்.